மருத்துவர்களே, நேற்றைய நாளைப் பற்றிக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், ஊசி போடுவதும், மாத்திரைகளைச் சரிபார்ப்பதும் என் வேலை. உங்கள் அறையில் நீங்கள் பார்க்கும் அதே மனிதர்களை நான் அவர்கள் வீட்டில் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் தெரிவது ஒரே ஆள் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்களைப் பார்க்க வரும் நாளில் அவர்கள் குளித்து, தலைவாரி, நல்ல உடை உடுத்தி வருகிறார்கள். மகனோ மகளோ கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் டாக்டர்." ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, சர்க்கரை பரவாயில்லை, அதே மாத்திரையைத் தொடரலாம். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் காலையிலிருந்தே தயாராகியிருப்பார். வீடு திரும்பியதும் அசந்து படுத்துவிடுவார். இது உங்களுக்குத் தெரிய வழியில்லை.

வீட்டில் தெரிவதே வேறு. படுக்கையிலிருந்து கழிவறை வரைக்கும் சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே, கைபட்டுக் கைபட்டு ஓர் அழுக்குக் கோடு ஓடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சுவரைப் பிடிக்காமல் அவரால் நடக்க முடியவில்லை என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். மாத்திரைப் பெட்டியில் காலை அறைகள் காலியாக இருக்கும், இரவு அறைகள் அப்படியே நிரம்பியிருக்கும். அலமாரியின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் தொடப்படாமல் தூசி படிந்து கிடக்க, அன்றாடம் வேண்டிய எல்லாம் ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கும்: குனியவும் முடியவில்லை, கையைத் தூக்கவும் முடியவில்லை. ஒரு கட்டணத்தை இரண்டு முறை கட்டியிருப்பார், இன்னொன்றின் உறையைப் பிரித்திருக்கவே மாட்டார். பாத்திரங்களின் அடி கருகியிருக்கும். இடுப்பில் நிற்காத உடையை ஊக்கு குத்தி நிறுத்தியிருப்பார். ஆறேழு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு தானாகக் குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஊக்கு மேல்துண்டுக்கு அடியில் மறைந்து உங்கள் அறைக்கு வருகிறது.

அவர்கள் பொய் சொல்வதில்லை. நாம் கேட்கும் கேள்வி அப்படி. "நீங்களே குளிக்கிறீங்களா?" என்றால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "நேத்து எப்படிக் குளிச்சீங்க? எதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தீங்க? பக்கத்துல யார் இருந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நேத்து குளிக்கல, மேல் மட்டும் துடைச்சுக்கிட்டேன். கீழே விழுந்திருவேனோன்னு பயமா இருக்கு" என்று வரும். பொதுவாகக் கேட்டால் பெருமை பதில் சொல்கிறது, நேற்றைக் கேட்டால் நடந்தது வெளியே வருகிறது.

குளியலைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருவர் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்க்க, அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்ட அளவுகோலில் ஆறு காரியங்கள்தான்: குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இவற்றில் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது குளியல், கடைசிவரை நிற்பது சாப்பிடுவது. தொலைபேசி, பணம், மாத்திரை, வெளியே போய்வருவது போன்ற கொஞ்சம் சிக்கலான காரியங்களை லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் 1969-இல் பட்டியலிட்டார்கள். அவை அதற்கும் முன்பே நழுவ ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் நீங்கள் படித்தவர்கள், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஆதங்கப்படுவது, அவை நோயாளியின் கோப்பில் ஏறுவதே இல்லை என்பதற்காக. பரிசோதனை எண்கள் வரிசையாக இருக்கின்றன. போன வருடம் தனியாக மாடி ஏறியவர் இப்போது ஏறுகிறாரா என்று பார்க்க ஒரு வரி இல்லை. ஒருவருக்கு உதவி கூடுதலாக வேண்டுமா என்பதை இன்றைய நிலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தார் என்பதும் வேண்டும்.

விழுவதைப் பற்றியும் இப்படித்தான். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார், ஆனால் பாதிப் பேர்கூட அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. "விழலை, லேசா சறுக்குச்சு" என்பார்கள். தடுமாறி எதையாவது பிடித்தாரா, விழுந்தபின் தானே எழ முடிந்ததா, எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்று கேளுங்கள். முடிந்தால் நடக்கவிட்டும் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். அரை நிமிடம்கூட ஆகாத சோதனை அது.

இன்னொன்று, கூட வந்தவரையும் கவனியுங்கள். நீங்கள் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் பெரியவர் மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, அவர் பதில் சொன்னால் அது மறதியின் அடையாளமாக இருக்கலாம். அந்த அம்மாதான் அவருக்கு நினைவாகவும் கையாகவும் இருக்கிறார். அவருக்கும் எழுபது தாண்டியிருக்கும், அவருக்கும் முட்டிவலி. கணவரின் குறையை வெளியே தெரியாமல் மூடிமறைத்தே அவர் களைத்துப்போயிருப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தால் அந்த வீடு நின்றுவிடும். ஒரு நிமிடம் அவரைத் தனியாக அழைத்து, "ராத்திரி தூங்க முடியுதாம்மா?" என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் முதலில் வந்தது கண்ணீர்தான்.

"வயசானா அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதில் எனக்குக் கோபமே உண்டு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இரண்டே நாளில் குழம்பி, பகலை இரவு என்கிறார் என்றால் அது வயது அல்ல. தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று அவசரமாகத் தேட வேண்டிய காரணங்கள் இருக்கின்றன. மாதக்கணக்கில் மெல்ல வரும் மறதி வேறு, இது வேறு. எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது என்றால் நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் அவர் ஏன் தடுமாறுகிறார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். தூக்க மாத்திரையும் சில பழைய அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களைத் தள்ளாட வைக்கும், குழப்பும். ஒரு மாத்திரையை நிறுத்திய வாரத்தில் மீண்டும் தனியாக நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆள் வைப்பதற்கு முன்னால் சரிசெய்யக்கூடியது எது என்று பிரித்துச் சொல்ல உங்களால்தான் முடியும்.

மருத்துவமனையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சில நாள் படுக்கையிலேயே இருந்தால் முதியவர்களின் கால் தசை வேகமாகக் கரைகிறது. நுரையீரல் தொற்று குணமாகியிருக்கும், ஆனால் நடந்து வந்தவரால் கழிவறைவரை நடக்க முடியாது. வீட்டுக்கு அனுப்பும் முன் எழுந்து நிற்கிறாரா, படி ஏறுகிறாரா, முதல் வாரம் இரவில் யார் கூட இருப்பார்கள் என்று யாராவது பார்க்க வேண்டும். சுருக்க அறிக்கையில் மருந்துகள் மட்டும் இருந்தால் மீதியை அந்தக் குடும்பம் நடுராத்திரியில் தானே கண்டுபிடிக்கிறது.

அவர்கள் மறைப்பதற்குப் பின்னால் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுவார்களோ, பணமும் சாவியும் கைமாறிவிடுமோ என்று. அதனால் உதவியைப் பற்றிப் பேசும்போது "இனிமே உங்களால தனியா இருக்க முடியாது" என்று ஆரம்பிக்காதீர்கள். "இதே வீட்டுல நீங்க ரொம்ப நாள் இருக்கணும்னா குளிக்கும்போது மட்டும் ஒருத்தர் வேணும்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். கழிவறையில் கைப்பிடி, இரவு விளக்கு, வாரத்துக்கு ஒருமுறை மாத்திரையைப் பிரித்து வைக்க ஓர் ஆள், குளிக்கும் நேரத்துக்குத் துணை என்று சின்னதாகத் தொடங்கலாம். என்ன வேண்டும், எந்த நேரத்தில், யாரிடமிருந்து என்று அவரையே கேளுங்கள், பிள்ளைகளிடம் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மருந்துச் சீட்டின் அடியில் ஒரு வரி எழுதுங்கள்: 'குளிக்கத் துணை வேண்டும், இரவு மாத்திரை தவறுகிறது, கழிவறையில் கைப்பிடி தேவை' என்பதுபோல. நான் வாயால் சொன்னால் பார்க்கலாம் என்பார்கள், மாதங்கள் ஓடும். உங்கள் கையெழுத்துக்கு மேல் அது இருந்தால் அந்த வாரமே கைப்பிடி வந்துவிடுகிறது.

நன்றியுடன்,
வீட்டுப் பராமரிப்புச் செவிலியர் ஒருவர்