பிளான் கீறுவதற்கு முன் வீதிக்கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் ஆறு, ஏழு பேர்ச் காணியில் வீடு கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் படவரைஞரைத்தான் தேடுகிறார்கள். முதலில் போக வேண்டிய இடம் மாநகர சபை. வீதிக்கோட்டுச் சான்றிதழ் கையில் இல்லாமல் கீறிய பிளானை மறுபடி கீற நேர்வது இங்கே சாதாரண விஷயம்.

வீதிக்கோடு, அதாவது வீதியை அகலிப்பதற்காகக் குறித்து வைத்த கோடு, உங்கள் மதிலுக்கு உள்ளே ஐந்தடியில் ஓடக்கூடும். அதைத் தாண்டிச் சுவர் மட்டுமல்ல, பல்கனியும் நீட்ட முடியாது. காணி உறுதியிலும் நில அளவைப் படத்திலும் ஆறு பேர்ச் என்று இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர்ச் என்றால் சுமார் 1,633 சதுர அடி. முகப்பு 30 அடியானால் நீளம் ஐம்பத்து நாலரை அடி வரும். முன்னால் வீதிக்கு 5 அடி போய், பின்னால் இரண்டு மாடி வீட்டுக்குரிய 2.3 மீற்றரை, அதாவது ஏழரை அடியை விட்டால் மிஞ்சுவது 42 அடி. உயரம் கூடினால் பின்வெளியும் கூடும். 30க்கு 42 என்று 1,260 சதுர அடியையும் மூடிவிடலாமா? முடியாது. பொதுவாகக் காணியில் 65 சதவீதத்தைத்தான் மூடலாம். தரைத்தளம் ஏறத்தாழ 1,060 சதுர அடிக்குள் அடங்க வேண்டும். மீதி 200 சதுர அடி வீண் என்று நினைப்பவர்கள்தான் பிறகு பகலிலும் லைட் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். எல்லையோடு ஒட்டிய சுவரில் ஜன்னல் வைக்க முடியாது என்பதால், நடு அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் அந்தத் திறந்த வெளியால்தான் வர வேண்டும். அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்குக்கு ஜன்னல், அதில் பாதியாவது திறக்கக்கூடியது என்பது நீண்ட காலமாக உள்ள அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு அது சுமார் 17 சதுர அடி.

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் பழைய வீட்டுக்கு மேல் மாடி எடுப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சிலாப்பைப் பற்றி மேசனிடம் பேசுவதற்கு முன் அத்திவாரத்தை இரண்டு மூன்று இடங்களில் தோண்டி, பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கருங்கல் அத்திவாரம் ஒரு தட்டு ஓட்டு வீட்டைத் தாங்கியது என்பதற்காகக் கொங்கிரீட் மாடியையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அயல்வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால் அதன் மேல் பாரம் ஏற்றும் எண்ணத்தை விட்டு, உங்கள் பக்கத்தில் தனித் தூண்கள் எழுப்புவதே நல்லது.

அனுமதி கிடைத்ததோடு விஷயம் முடிந்தது என்பது பெரிய தப்பு. அனுமதிக்குக் காலவரையறை உண்டு. வழமையாக ஒரு வருடம். வேலை இழுபட்டால் அந்தக் காலம் முடிவதற்கு முன்பே நீடிப்புக் கேட்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, அனுமதித்தபடியே கட்டியதை உறுதிப்படுத்தும், சீ.ஓ.சீ. என்று நாம் சொல்லும் இணக்கச் சான்றிதழ் இல்லாமல் குடிபுகவும் கூடாது. அதற்கான பரிசோதனையில் அகப்படுபவை எப்போதும் அதே மூன்று: பின்வெளிக்குத் தகடு போட்டுக் குசினியாக்கியது, காற்றுவெளியை மேலே மூடியது, கார் நிறுத்துமிடத்தை வாடகை அறையாக்கியது. சான்றிதழ் இல்லாத குறை, வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும் நாளில்தான் தெரியவரும். அனுமதியை மீறிய பகுதிக்கு அறிவித்தல் கொடுத்து, நீதவான் நீதிமன்றக் கட்டளை பெற்று இடிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

கட்டும்போது மாற்றம் தேவைப்பட்டால் திருத்திய பிளானைக் கொடுத்து, அனுமதி வந்த பிறகு கட்டுங்கள். முத்திரை குத்திய பிளானின் பிரதி ஒன்று கட்டுமிடத்தில் இருக்கட்டும். அத்திவாரக் கிடங்கு வெட்டுவதற்கு முன் நில அளவையாளரைக் கொண்டு எல்லையையும் வீதிக்கோட்டையும் முளையடித்து வாங்குங்கள். மேசன் பழைய மதிலை வைத்து அளந்தால் ஒரு அடி தள்ளிப்போவது அங்கேதான்.

கட்டட வரைபடத் துறையினர் சிலர்,
கொழும்பு 6