மாத்திரை விழிப்புணர்வு: ஸ்டால் குழுவினருக்கு

ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் ஸ்டாலில் மாத்திரைப் பெயர்ப் பட்டியல் வேண்டாம். எதில் போதை வரும் என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். காலி மாத்திரை அட்டைகள் போதும். ஹெச்1 வகை (கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய) மருந்துகளில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும், அதைக் காட்டுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடைக்காரர் அந்த விற்பனைப் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தாத்தாவின் தூக்க மாத்திரை டப்பாவை யார் பூட்டுகிறார்கள்? எண்ணி வைக்கச் சொல்லுங்கள். மிஞ்சியதைப் பிரித்து, ஈர டீத்தூளில் கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடலாம்.

முக்கியமானது: தினமும் எடுப்பதாக ஒரு மாணவர் சொன்னால் 'இன்றோடு நிறுத்து' என்று சொல்லாதீர்கள். அல்பிரசோலம் (பதற்றத்தைக் குறைக்கத் தரும் மாத்திரை) போன்றவற்றை நாள்பட எடுத்துத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். போதை மீட்பு உதவி எண் 14446-க்கு அழைக்க வையுங்கள், கட்டணமில்லை. எழுப்பியும் எழவில்லை, மூச்சு குறைகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108.