அல் அய்னில் நான் பார்த்த மழை

அல் அய்ன்,
ஐக்கிய அரபு அமீரகம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாரி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, தை மாதம் வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவளுக்குத் தஞ்சாவூரில் வேலை கிடைத்துவிட்டது. மதினியைக் கேட்டதாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் மகன் போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. காற்றில் மின்னேற்றம் செய்து மழையை வரவழைக்கும் கோபுரம் ஒன்றை நம் ஊர்ப் பொட்டலில் நடுவதற்கு ஒருவன் வந்திருக்கிறானாமே. கம்மாய் தூர்வாரவும் மடை கட்டவும் சங்கத்தில் வைத்திருக்கும் நாலு லட்சத்தை அவனிடம் கொடுக்கப் போகிறீர்களாம். முன்னால் நிற்பது நீயாம். பெயரிலேயே மாரியை வைத்துக்கொண்டு மழைக்கு இயந்திரம் தேடுகிறாயே என்று கேலி செய்யத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால், "என் சிநேகிதன் செல்லையா அல் அய்னில் கண்ணால் பார்த்தவன்" என்று கூட்டத்தில் என்னைச் சாட்சிக்கு நிறுத்தினாய் என்றும் உன் மகன் சொன்னானே, அதில் கேலி செத்துவிட்டது.

2011 பொங்கலுக்கு வந்தபோது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "எங்கள் ஊரில் ஸ்விட்சைப் போட்டால் மழை" என்று அளந்தவன் நான்தான். சண்முகம் அண்ணாச்சி அன்றைக்கே, "சீட்டுக் கம்பெனிக்காரன் மாதிரிப் பேசுகிறாயே" என்றார். அவர் சொன்னது சரி. மாரி, நான் அந்தக் கோபுரங்களில் ஒன்றைக்கூடக் கிட்டே நின்று பார்த்ததில்லை. அதற்கு முந்தைய கோடையில் மழையில் நனைந்தேன். பிறகு ஜனவரியில் பத்திரிகையில் செய்தி படித்தேன். இரண்டையும் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

செய்தி இதுதான். ஒரு ஸ்விஸ் நிறுவனம் இந்தப் பக்கம் பாலைவனத்தில் ஐந்து இடங்களில் அயனியாக்கிகளை, அதாவது காற்றை மின்னேற்றும் கோபுரங்களை, நட்டு, 2010 ஜூலை, ஆகஸ்டில் 52 முறை மழையை வரவழைத்ததாகச் சொன்னது. காற்றில் ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் அவற்றை ஓட்டினார்களாம். நான் அன்று விட்டுவிட்ட சங்கதி ஒன்று உண்டு. அல் அய்னுக்குக் கிழக்கே ஹஜர் மலை. கோடை மத்தியானத்தில் கடல் ஈரம் அந்த மலையில் ஏறி இடிமேகமாகத் திரள்வது இயந்திரம் வருவதற்கு முன்பும் நடந்ததுதான். அதே 2010இல் உலக வானிலை அமைப்பின் வல்லுநர் குழு, வேறெங்கும் அல்ல, அபுதாபியிலேயே கூடியது. ஆலங்கட்டியைக் கலைக்கும் பீரங்கி, அயனியாக்கம் இரண்டையும் பெயர் சொல்லி, இவற்றுக்கு உறுதியான அறிவியல் அடிப்படை இல்லை, சந்தேகத்தோடு பாருங்கள் என்றது.

நான் முப்பது வருடம் மின்சார வேலை பார்த்தவன், அந்த வழியில் சொல்கிறேன். உயர் மின்னழுத்தம் ஏற்றிய ஊசிமுனையைச் சுற்றிக் காற்று மின்னேறும். அதுதான் அந்தக் கோபுரத்தின் முழு ரகசியம். கயத்தாற்றிலிருந்து போகும் பெரிய கம்பிகளுக்கு அடியில் பனிக்காலத்தில் 'உஸ்' என்று ஒரு இரைச்சல் கேட்குமே, நாம் ஆடு மேய்க்கும்போது பாம்பு என்று பயந்து ஓடினோமே, அதுவும் இதே சரக்கு. அந்தக் கம்பிக்கு அடியில் இருக்கும் காட்டில் பக்கத்துக் காட்டைவிட ஒரு உழவு மழை கூடுதலாகப் பெய்ததாக உன் அப்பா எப்போதாவது சொன்னாரா?

அயனியின், அதாவது மின்னேறிய காற்றுத் துகளின், மேல் ஈரம் படிந்து துளியாகும் என்பது பொய்யில்லை. வில்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்ணாடிக் கலத்துக்குள் அதைச் செய்து காட்டி 1927இல் நோபல் பரிசே வாங்கினார். ஆனால் தூசியில்லாத அந்தக் கலத்தில், காற்று சாதாரணமாகத் தாங்கக்கூடியதைப் போல நாலு மடங்கு ஈரம் இருந்தால்தான் அது நடக்கும். உண்மையான மேகத்தில் ஈரம் அந்தச் சாதாரண அளவைத் தாண்டுவது ஒரு சதவீதம்கூடத் தேறாது. அங்கே துளி கட்டுவது தூசியிலும் உப்பிலும். கரிசல் காட்டில் தூசிக்கா பஞ்சம்?

எல்லாமே புரட்டு என்றும் சொல்ல மாட்டேன். மின்னேறிய துளிகள் சுலபமாக ஒட்டிப் பெரிதாகுமா என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் இந்த நாட்டின் பணத்திலேயே ஆராய்ந்தார்கள், சின்ன ஆளில்லா விமானங்களை வைத்துக்கொண்டு. ஓமானில் இதே ஹஜர் மலையில் 2013 தொடங்கி 2018 வரை, குலுக்கிப் போட்டு, சில நாள் அயனியாக்கியை ஓட்டி, சில நாள் நிறுத்திக் கணக்கெடுத்தார்கள். 15 முதல் 18 சதவீதம் மழை கூடியது என்றார்கள். அது மெய்யென்றே வைத்துக்கொள். தானாகப் பெய்கிற மழையில்தானே அந்தப் பதினெட்டு? பெய்யாத வருடத்தில் பூஜ்யத்துக்குப் பதினெட்டு சதவீதம் எவ்வளவு என்று உன் பேரனைக் கேள். அந்த வித்தியாசத்தைப் பிரித்தெடுக்க ஆறு வருடம் மழைமானிகளோடு மல்லுக்கட்டினார்கள். உன் ஆள் நாற்பதே நாளில் காட்டுகிறேன் என்கிறானாம்.

அந்த நாற்பது நாள்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கோபுரத்தைப் புரட்டாசி மாதம் நடப்போகிறான் என்றான் உன் மகன். புரட்டாசியில் நட்டால் நாற்பதாம் நாள் என்ன மாதம், மாரி? ஐப்பசியில் கழுதையைக் கட்டி வைத்தாலும் மழை பெய்யும்! நம் அப்பத்தாக்கள் கொடும்பாவி கட்டி இழுத்ததும் காய்ந்து காய்ந்து மழைக்காலம் நெருங்கிய பிறகுதான். அவர்கள் செலவு ஒரு வைக்கோல் பொம்மையும் நாலு படி கம்பங்கஞ்சியும். கஞ்சியாவது வயிற்றுக்குப் போனது.

2024 ஏப்ரல் 16 அன்று இதே அல் அய்ன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் கொட்டியது. 1949இல் கணக்கு எழுதத் தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் அப்படிப் பெய்ததில்லை. என் அறைக்குள் கட்டில் கால்வரை தண்ணீர். உடனே, எல்லாம் மேகத்தில் விதை தூவியதால் (மழைக்காக விமானத்திலிருந்து உப்புப் பொடி தூவுவது) வந்த வினை என்று ஊரெல்லாம் பேச்சு. அவ்வளவு பெரிய மழை அரபிக்கடல் ஈரத்தை இழுத்துவந்த புயல் அமைப்பால் வந்தது என்று வானிலைக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை பட்டது போதும்.

பணத்தைக் கொடுத்துவிட்டாயா இல்லையா, அதை முதலில் எழுது. கொடுக்கவில்லை என்றால், கோபுரத்தைப் பங்குனியில் நட்டுக் காட்டச் சொல் அவனை. கம்மாய் மடையில் பலகை போய் மூன்று வருடமாகிறது, போன ஐப்பசியிலும் வந்த தண்ணீர் அப்படியே ஓடையில் போனது என்று நீதானே அழுதாய்? மடை வேலைக்கு என் பங்காக இருபதாயிரம் அடுத்த வாரம் அனுப்புகிறேன். டீக்கடை பெஞ்சில் அளந்ததற்கு அபராதம் என்று வரவில் எழுதிக்கொள்.

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டு. அண்ணாச்சி சொன்னது சரி என்று நான் எழுதியிருக்கும் வரியை மட்டும் அவர் எழுந்து போன பிறகு வாசி.

உன்
செல்லையா