வரி முனையைப் பார்த்துக் கொடுத்தவருக்கு நன்றி

கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத்தின் வாழ்க்கை நூல் அச்சுக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய நாள்கள் எப்படிப் போயின என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் நேரே நன்றிக்கு வருகிறோம்.

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்ட அச்சுக்கோப்பாளர் ஐயாவுக்கு முதல் வணக்கம். ஐயா, விளிம்பைத் தாண்டி ஓடிய ஒவ்வொரு சொல்லையும் எங்கே வெட்டலாம் என்று மெய்ப்பில் சிவப்பு மையால் கோடிட்டுத் தந்தீர்கள். அதை உங்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

நூலின் பக்கங்களைக் கோக்க நாங்கள் பயன்படுத்தியது கனூத் எழுதிய டெக் (TeX) என்னும் நிரல். வரி விளிம்பைத் தாண்டும் சிக்கலுக்குப் பலரும் சொல்லும் வழி, டெக்கின் டாலரன்ஸை, அதாவது எவ்வளவு மோசமான வரியை ஏற்கலாம் என்ற வரம்பை, 200இலிருந்து 10000க்கு ஏற்றுவது. வரி விளிம்புக்குள் அடங்கும், ஆனால் பக்கம் கெடும். சொல்லிடைவெளி இழுபட இழுபட, வரி எவ்வளவு மோசம் என்று டெக் இடும் குறைமதிப்பு கன அளவில் (மும்மடிப் பெருக்கமாக) ஏறி 10000இல் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு மோசமானாலும் டெக்குக்கு ஒன்றுதான். ஆகவே பத்தியின் மொத்தக் குறையையும் ஒரே வரியில் தள்ளிவிடும். ஒவ்வொரு வரிக்கும் கூடுதல் நெகிழ்வு இருப்பதாகக் கணக்கிட வைக்கும் எமர்ஜென்சி ஸ்ட்ரெட்சை 3 எம் (எழுத்தின் அளவைச் சார்ந்த அலகு) வைத்தால் குறை பல வரிகளுக்குப் பரவும். அதுகூடத் தமிழின் நெடுஞ்சொற்களுக்குப் போதாது.

உங்கள் குறிகள்தான் போதுமானவையாக இருந்தன. ஒற்றெழுத்தில் வரி தொடங்கக் கூடாது, ஓரெழுத்தைத் தனியே விடக் கூடாது. 'ஆய்வாளர்களுக்கிடையேயான' என்றால் 'ஆய்வாளர்களுக்' என்று நிறுத்தி, 'கிடையேயான' என்று அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். ஓரத்தில் 'ஆய்வாளர்களுக்கு இடையிலான என்று பிரித்தே எழுதலாமே' என்றும் குறித்திருந்தீர்கள். அதுவே நல்ல வழி.

ஐயா குறித்த இடங்களில், 'இங்கே சொல்லை உடைக்கலாம்' என்று டெக்குக்குச் சொல்லும் டிஸ்கிரீஷனரி கட்டளையை மூன்று அடைப்பும் வெறுமையாக இட்டோம். சொல் உடையும், இணைகோடு வராது. எழுத்துக்கும் அதன் காலுக்கும் நடுவே அதை இட்டுவிடக் கூடாது, புள்ளிவட்டம் முளைக்கும். யூனிகோட் எழுத்துருக்களைக் கையாளும் டெக் வடிவமான ஸீலாடெக்கில் (XeLaTeX) எழுத்துரு வரியில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று குறிப்பதும் அவசியம், இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறும்.

இந்த நூலுக்கு இப்படிப்பட்ட உதவி வாய்த்தது எவ்வளவு பொருத்தம்! டொனால்ட் கனூத் 1974இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது பெற்றவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர். 1977இல் தன் 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்தார். எழுத்துகளின் அழகு குலைந்திருந்தது. தொடர்நூலை நிறுத்திவிட்டு டெக் என்னும் இந்த எழுத்துக்கோப்பு நிரலை எழுத உட்கார்ந்தார். விரைவில் முடியுமென்று தொடங்கிய வேலை பத்தாண்டை எடுத்துக்கொண்டது. பத்தி முழுவதையும் பார்த்து வரி முறிக்கும் வழியை தன் மாணவர் மைக்கேல் பிளாஸுடன் சேர்ந்து 1981இல் வெளியிட்டார். வரியின் முனைக்காக ஓர் ஆய்வாளர் இவ்வளவு காலம் செலவிட்டிருக்கிறார் என்பதை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யார், ஐயா?

கணினி தந்தவர்கள், காகிதச் செலவை ஏற்றவர்கள், பெயர் உச்சரிப்புகளைத் திருத்தியவர்கள், கனூத்தின் ஆர்கன் இசை பற்றிய அத்தியாயத்தைச் சரிபார்த்த தேவாலய இசைக்கலைஞர், இரவெல்லாம் கதவைத் திறந்து வைத்திருந்த அச்சகத்தார், அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஐயாவின் குறிகளை அகரவரிசைச் சொற்பட்டியலாக்கி, தமிழில் நூல் கோக்கும் எவரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகத் தருவோம். தன் நூலில் பிழை காண்பவருக்குக் கனூத் 2.56 டாலர் பரிசு வைத்தார். எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. பிழை கண்டு சொல்பவரின் பெயரை அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தின் அடியிலேயே அச்சிடுவோம்.