பைப்பை யார் திறந்தது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆபீஸில் ஏதோ போட்டி, சின்ன வயசு போட்டோ வேண்டும் என்று கேட்டிருந்தாய். பீரோவைக் குடைந்ததில் ஒன்றுதான் அகப்பட்டது. வைத்தீஸ்வரன் கோயிலில் உனக்கு மொட்டை போட்டுக் காது குத்தினபோது எடுத்தது. தலை முழுக்கச் சந்தனம். அழுகிற அழுகையில் முகத்தில் வாயைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஸ்கேன் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். "பையன் நல்லா கத்துறான் சார்" என்றான் அந்தத் தம்பி. அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. காதில் தோடு தொங்குவது கண்ணுக்குத் தெரியவில்லையா என்கிறாள்.

அன்றைக்கு மாமாவை நீ கடித்தது போட்டோவில் இல்லை. குத்தினவர் ஆசாரி, அவரை விட்டுவிட்டு, மடியில் வைத்துக்கொண்டிருந்த மாமாவின் கையில் பல்லைப் பதித்தாய். வீட்டுக்கு வந்ததும் நீயே நாவிதர் ஆகிவிட்டாய். ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர், கையில் என் சீப்பு. தாத்தா திண்ணையில் அசந்தால் போதும், தலையில் தண்ணீர் தெளித்து, "ஆடாதே, ஆடாதே" என்று அதட்டிக்கொண்டே வழிப்பாய். தாத்தாவுக்கு ஏற்கெனவே வழுக்கை என்பதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் ஆட்டுக்குட்டியைத் தேடிப் போவாய்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்கிறாள் அம்மா. எனக்கு அது சரிப்படாது. பேச ஆரம்பித்தால் நெல் விலையில் போய் நிற்கும்.

உன் அண்ணன் இரண்டு வயசில் எப்படி இருந்தான் என்று கேட்டால் நான் அம்மாவைத்தான் கைகாட்டுவேன். குறுவை, தாளடி என்று இரண்டு போக நெல்லும் ஒழுங்காக நடந்த காலம் அது. விடியுமுன் மண்வெட்டியோடு கிளம்புகிறபோது அவன் தூளியில் தூங்குவான். நான் திரும்புகிறபோதும் தூங்குவான். உனக்கு இரண்டு வயசு நடந்த 2003 அப்படி இல்லை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால்தான் இங்கே குறுவை. அந்த வருஷம் ஆனி போச்சு, ஆடி போச்சு, திறந்ததே அக்டோபரில். அதற்கு முந்தின வருஷமும் குறுவை கிடையாது. நமக்கு அப்போது போர்வெல் இல்லை, குடமுருட்டி ஆற்றை நம்பின நிலம். ஊர் ஆம்பளைகள் எல்லோரும் மதகுக் கட்டையில் உட்கார்ந்து பேப்பர் படித்தோம். சொசைட்டிக் கடன், மாட்டுக்கு வைக்கோல், அந்தக் கதையெல்லாம் உனக்கு எதற்கு? நான் வீட்டில் இருந்தேன். காலையில் நீ கண் விழிப்பதிலிருந்து ராத்திரி கண் அசருகிற வரைக்கும் பக்கத்தில் இருந்தேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி ஊரில் யாராவது பேச்செடுத்தால், எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையில் கை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு வேறு கணக்கு.

உனக்குச் சோறு ஊட்டுவது ஒரு பெரிய வேலை. தஞ்சாவூரிலிருந்து ஒரு தலையாட்டி பொம்மை வாங்கி வந்திருந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அதைத்தான் கேட்பாய். "சோறு வேணுமா?" என்று கேட்டு அதன் மண்டையில் ஒரு தட்டு. அது இடமும் வலமும் ஆடும். "வேணாங்குது" என்று நீ எழுந்து ஓடிவிடுவாய். அம்மா கிண்ணத்தோடு கொல்லை வரைக்கும் துரத்துவாள். இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தது அப்பாயிதான். உனக்கு முந்திக்கொண்டு, "ஏம்மா, பசிக்கலையா?" என்று பொம்மையைக் கேட்டுத் தட்டினாள். அது ஆடியது. "பாத்தியா, அதெல்லாம் இல்ல, பசிக்குதுன்னு சொல்லுது." நீ பொம்மையைப் பார்த்தாய், அப்பாயியைப் பார்த்தாய், கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு பருப்புசாதத்தை எடுத்துப் பொம்மையின் வாயில் அப்பினாய். பசி அதற்குத்தானே!

சாயங்காலம் ஆனால் ஆறுதான். ஆறு என்றால் மணல். உன்னைப் பொறுத்தவரைக்கும் ஆறு என்பதே விளையாட மணல் கொட்டி வைத்திருக்கிற இடம். கால் நீட்டி உட்கார்ந்து, மணலை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, "சாப்புடு" என்பாய். சும்மா வாயருகே கொண்டுபோனால் ஒத்துக்கொள்ள மாட்டாய். மெல்ல வேண்டும், முழுங்க வேண்டும், "ம்ம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறு சோறு. சில நாள் எனக்கு எதிலும் மனசு ஒட்டாது. அப்போதுகூட நீ மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பி, "நல்லா மெல்லு" என்பாய். மென்றேன்.

ஆடிப்பெருக்கும் அந்த மணலில்தான். பொம்பளைகள் ஊற்றுத் தோண்டி, ஊறின தண்ணீருக்கே பூவும் மஞ்சளும் போட்டுக் கும்பிட்டார்கள். படையலுக்கு வைத்த காப்பரிசியில் பாதி முன்னாலேயே உன் வயிற்றில் இருந்தது. அண்ணன் சப்பரம் இழுத்து வந்தான். மணலில் சக்கரம் புதைந்து அது நகரவே இல்லை. நீ சாமி படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து, "இழு" என்றாய். அச்சு முறிந்தது. இன்றைக்கும் உனக்கும் அவனுக்கும் ஏதாவது வாக்குவாதம் வந்தால் அந்தச் சப்பரம் எப்படியும் வந்துவிடுகிறதா இல்லையா?

அக்டோபரில் ஒரு நாள், கல்லணை திறந்தாச்சு என்று சேதி வந்தது. தண்ணீர் நம் ஊரை எட்டுகிற நேரத்துக்கு எல்லோரும் கரையில் நின்றோம். நீ என் தோளில். முதலில் நுரையும் சருகும்தான் வந்தது. பின்னால் கலங்கலாக, மெதுவாக, பள்ளம் பள்ளமாக நிரப்பிக்கொண்டு தண்ணீர். சூடம் ஏற்றினார்கள். ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். கரையே சத்தமில்லாமல் இருந்த அந்த நேரத்தில் நீ என் முடியைப் பிடித்து இழுத்துக் கத்தினாய்: "அப்பா, பைப்ப யாரு தொறந்து உட்டா? மூடு, மூடு! அப்பாயி அடிக்கும்!"

அந்தக் கோடை முழுக்க வீட்டில் அப்பாயிக்கு அதுதான் பாட்டு. குழாயை மூடு, குடத்தை மூடு, தண்ணியைக் கொட்டாதே. ஒரு சொட்டுக்கே திட்டுகிறவள் இதற்கு என்ன செய்வாளோ என்று நீ நிஜமாகவே நடுங்கினாய். அந்தப் பெரியவர் கும்பிட்ட கையை இறக்காமலே, "மூடச் சொல்லாத தாயி, இப்பதான் தொறந்திருக்கான்" என்றார். கரை முழுக்கச் சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று அம்மாவைக் கேட்டுக்கொள்.

ஆனால் அவள் அப்போது சிரிக்கிற நிலைமையில் இல்லை. குழாய்ப் பயம் தெளிந்ததும் நீ ஆற்று நடுவைக் காட்டி, "என் சங்கு" என்றாய். மாமா வாங்கிப் போட்ட வெள்ளிச் சங்கைக் காணோம் என்று அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்த சமயம் அது. நீ அதில் மணலை மொண்டு விளையாடிவிட்டு அங்கேயே புதைத்திருக்கிறாய். தண்ணீர் அதற்குள் என் முழங்கால் உயரம் ஏறிவிட்டது. "ஐயோ, அஞ்சு தோலா" என்று இறங்கப் போனவளை அப்பாயி பிடித்து நிறுத்தினாள்.

சித்திரையில் ஆறு காய்ந்தால் அம்மா இப்போதும் ஒரு குச்சியோடு அந்தப் பக்கம் போய் வருகிறாள். நடைப்பயிற்சியாம். போன தடவை கிடைத்தது ஒற்றை ஹவாய் செருப்பு.

போட்டோவை இன்று கூரியரில் போடுகிறேன். ஒரிஜினலைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா. போட்டியில் யாராவது உன்னைப் பையன் என்று சொன்னால், அதை மட்டும் போனில் அம்மாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா