என் காலைப் பற்றிக் கேட்டார்கள், சிறுநீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கில் செய்கிற ஆபரேஷன் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் கால் மரத்துப்போவதைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். சிறுநீர் கசிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு முதுகெலும்பின் அடிப்பகுதியில், எல்5-எஸ்1 என்கிற இடத்தில் அந்த ஆபரேஷன் நடந்தது. அப்புறம் பல வாரம் பாதத்தில் எறும்பு ஊர்வது போலவும், படுத்தால் கெண்டைக்காலில் கரண்ட் அடிப்பது போலவும் இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் விசாரித்தார்கள். நசுங்கிய நரம்பு தேறும்போது இப்படி இருக்கும், நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும், பொறுங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னபடியே அது மெல்ல அடங்கியும் விட்டது.

ஆனால் இரண்டாவது வாரம் இருமினாலும் குனிந்தாலும் துணி நனைய ஆரம்பித்தது. சிறுநீர் முட்டுகிற உணர்வே இல்லை, கழுவும்போது அந்த இடம் என் உடம்பு மாதிரியே தெரியவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாமல் டயப்பர் வாங்கிக் கட்டிக்கொண்டு 4 நாள் ஓட்டினேன். முட்டாள்தனம்! ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது, எனக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் கசியவில்லை, கழிக்கவே முடியாமல் சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்புக் கற்றைதான் இறங்குகிறது. அதில் எஸ்2 முதல் எஸ்4 வரை என்று டாக்டர்கள் எண் கொடுத்திருக்கும் அடிப்பகுதி நரம்புகள்தான் சிறுநீர், மலம், தொடையிடுக்கு உணர்ச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றன. ரத்தக்கட்டோ மறுபடி பிதுங்கிய டிஸ்க்கோ அவற்றை அழுத்தினால் அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்து, அழுத்தத்தைச் சீக்கிரம் நீக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் என்பார்கள், முந்தினால் இன்னும் நல்லது. வலி மாத்திரையாலும் மலச்சிக்கலாலும்கூடச் சிறுநீர் தேங்கலாம், உண்மைதான், ஆனால் எதனால் என்று வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு செய்கிற விஷயமா இது?

எனக்கு மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். இன்றும் நாளுக்கு நான்கு தடவை நானே டியூப் போட்டுத்தான் சிறுநீரை எடுக்கிறேன்.

என் டிஸ்சார்ஜ் தாளில் தையல் நனையக் கூடாது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சிறுநீர் வராவிட்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ உடனே வாருங்கள் என்று அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை அடுத்த முறை உங்கள் மருத்துவப் பக்கத்திலாவது போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகன்