இந்த மாத வாசிப்பு: ஜார்ஜெட் ஹேயர்

நண்பர்களே, வணக்கம். ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூடுகிறோம். போன மாதம் அழுது தீர்த்தோம், இந்த மாதம் கொஞ்சம் சிரிக்கலாம் என்று ஆங்கில நாவலாசிரியை ஹேயரை எடுத்திருக்கிறேன்.

1902இல் லண்டன் விம்பிள்டனில் பிறந்தவர். உடம்பு சரியில்லாத தம்பியை மகிழ்விக்கச் சொன்ன கதையே முதல் நாவலாகி 1921இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 19! அப்புறம் திருமணம், சுரங்கப் பொறியாளரான கணவரோடு ஆப்பிரிக்காவின் டாங்கனிகா (இன்றைய தான்சானியா) காட்டில் புல்வேய்ந்த குடிசை. அங்கே உட்கார்ந்துகொண்டு 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் ஆள்மாறாட்டக் காதல் நாவல் எழுதியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது அவருடைய படிப்புதான். மிகவும் நேசித்தது ஜேன் ஆஸ்டினை. மற்ற நேரமெல்லாம் வரலாறு: தொப்பி, வண்டி, மெழுகுவத்தி விலை, கொச்சைச் சொல் என்று நோட்டு நோட்டாகக் குறிப்பு. நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் பிரபு எழுதிய கடிதம் ஒன்றை விலைகொடுத்தே வாங்கினார், பிரபுவின் எழுத்து நடை பிடிபட வேண்டுமாம். தொப்பிக்கு இத்தனை பாடா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தத் தொப்பியை வைத்துத்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறார்.

துப்பறியும் கதைகளும் எழுதினார். அவற்றுக்குக் கதைப்பின்னல் பெரும்பாலும் கணவர் கைங்கர்யம். பேட்டி கேட்டு யார் வந்தாலும் கதவு சாத்தல்தான்.

எந்த நாவலானாலும் சரி, ஒன்று படித்துவிட்டு வாருங்கள். முதல் 30 பக்கம் பெயர்க் குழப்பம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவை மட்டும் குழுவில் போட்டு உடைக்காதீர்கள். வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், சுண்டல் அளவு பார்க்க வேண்டும்.